வால்வு மாற்றிய ஞாயிறு

எனக்கு வியர்க்காது. பிறவியிலேயே அப்படி. அபூர்வமாகச் சில குழந்தைகள் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாமல் பிறக்கும். தலையில் பூனைமுடிபோல் கொஞ்சம் முடி இருக்கும், வாயில் நாலைந்து பற்கள் கூராக முளைக்கும். நான் அப்படிப் பிறந்தவன். வெயில் ஏறினால் மற்றவர்களின் உடம்பு தன்னைத் தானே நனைத்துக்கொண்டு ஆறிவிடும். என் உடம்பு அடுப்பில் வைத்த வெறும் சட்டி. சூடேறிக்கொண்டே போகும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோது பகலெல்லாம் எனக்கு ஜுரம் அடித்தது, சாயங்காலம் கடல்காற்று வந்ததும் தானாக இறங்கியது. அம்மா கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பழவேற்காட்டு தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். கடைசியில் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் என் முதுகை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்து கிடையாதும்மா. தண்ணிதான் மருந்து. பிள்ளை உடம்பு காயாம பாத்துக்க" என்றாராம்.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். என் தோளில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு கிடக்கும். செய்தி குப்பம் முழுக்கப் பரவியது. நான் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து, "தோ, வேர்க்காத புள்ள போவுது" என்று குரல் வரும். அடுத்த நொடி ஒரு சொம்புத் தண்ணீர் என் தலையில் விழும். கேட்டு ஊற்றுவதில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பை அகப்பையாக மொண்டு குடம் நிரப்பிய பெண்கள் அவர்கள். குடிக்கும் தண்ணீரை என் தலையில் ஊற்றுகிறார்கள் என்பது சிறுவயதில் எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

நைனா கட்டுமரம் ஏறியவர். என்னைக் கடலுக்கு அழைத்துப் போக முடியாது என்று தெரிந்ததும், தானும் கரையிலேயே இருப்பது நல்லது என்று அவருக்குப் பட்டது. பையனுக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் நடுக்கடலில் இருந்து என்ன செய்வது? எறால் ஏற்றிப்போகும் வேனில் க்ளீனராகச் சேர்ந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு அந்த எறால் வியாபாரிக்கே டிரைவர் ஆனார்.

வியாபாரியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் வியாபாரம் பார்த்த குடும்பம். கப்பல் போய், அவர் காலத்தில் எறால் மிஞ்சியிருந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் அவருடைய ஓட்டுக் கொட்டகை. அதன் பின்பகுதியில் ஒரு ஐஸ் ரூம். லாரியில் வரும் ஐஸ் பாளங்களை உமியில் புதைத்து அங்கே வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும், குப்பத்துக்குப் படகு ஏறும்வரை, நான் அந்த ரூமின் நிலைப்படியில் உட்கார்ந்து படிப்பேன். முதுகுக்குப் பின்னால் ஐஸ், முகத்துக்கு நேராக எறால் உரிக்கும் பெண்களின் பேச்சு. எனக்கு அதைவிட வசதியான படிப்பறை கிடையாது.

பத்தாவது பரீட்சைக்கு எங்களுக்குப் பொன்னேரியில் சென்டர் போட்டிருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. காலையில் பஸ்ஸில் போய்விடலாம். பரீட்சை முடிந்து திரும்புவது உச்சிவெயிலில். தகரக் கூரை பஸ், நெரிசல், ஒன்றரை மணி நேரப் பயணம். அம்மா பரீட்சையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நைனா பாயிடம் உதவி கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர்.

ஒருநாள் பாயே நிலைப்படியில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, பரீட்சைக்கு எப்டிப் போவப்போறே?"

"பஸ்ல பாய்."

"பஸ்லயா? திரும்பி வர்றப்போ வெயில் மண்டையப் பொளக்குமே." கொஞ்சம் யோசித்துவிட்டு நைனாவைக் கூப்பிட்டார். "ஏம்பா, பரீட்சை முடியற மட்டும் பையன நம்ம வண்டில இட்டுனு போ. ஏசி சொம்மாதான கெடக்குது. எனக்கு அதப் போட்டா மூக்கு அடைச்சிக்குது."

அது ஒரு வெள்ளை அம்பாசடர். மெட்ராஸில் ஏதோ கம்பெனி அதிகாரி வைத்திருந்து பாயிடம் விலைக்கு வந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி தொங்கும். அதில் உருண்டையாக இரண்டு வாய். பொத்தானைத் திருப்பினால் அந்த வாய்களிலிருந்து குளிர்காற்று வரும். எங்கள் பக்கத்தில் ஏசி வைத்த கார் அது ஒன்றுதான். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் யாராவது வந்தால் மட்டும் அதை ஓடவிடுவார்கள்.

தமிழ்ப் பரீட்சைகள் ராஜபோகமாக முடிந்தன. காலையில் படகில் துறைக்கு வருவேன், நைனா வண்டியை எடுத்துத் தயாராக நிற்பார். ஹாலில் ஒரு வாத்தியார் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தார். அம்மா துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து கொடுத்திருந்தாள். சொட்டினால் பேப்பரில் இங்க் ஊறிவிடும். மதியம் வெளியே வந்தால் ஏசி. எனக்கே என்னைப் பார்க்கப் பெரிய மனுஷன்போல இருந்தது.

இங்கிலீஷ் பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை. பொன்னேரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். குளிர்காற்று வெறும் காற்றாகி, பிறகு சூடாக வரத் தொடங்கியது. நைனா பொத்தானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினார். உள்ளே வந்தது அனல். நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். அது சீக்கிரமே காய்ந்துவிட்டது. கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டேன். அதுவும் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கிறது. நைனாவிடம் நான் ஏதோ இங்கிலீஷில் பதில் சொன்னேனாம். பரீட்சைக் கேள்வி என்று நினைத்திருக்கிறேன்.

நைனா வண்டியை நிறுத்திவிட்டு, பதினைந்து வயதுப் பையனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வயல் வரப்பில் ஓடினார். தூரத்தில் ஒரு பம்ப்செட் கொட்டகை தெரிந்தது. கதிர் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாயா ஆச்சி? பாம்பு கடிச்சிச்சா?"

"இல்லம்மா. இவனுக்கு வேர்க்காது. ஒடம்பு கொதிக்குது."

வேர்க்காது என்றால் என்ன என்று அந்த அம்மா கேட்கவில்லை. "தொட்டில எறக்குய்யா!" என்று கத்திவிட்டுத் தன் வீட்டுக்காரரை மோட்டார் போடச் சொன்னார். அரிவாளைப் போட்டுவிட்டுத் தானும் தொட்டிக்குள் இறங்கினார். பூமிக்குள்ளிருந்து வந்த தண்ணீர் என் நெஞ்சில் விழுந்ததும் எனக்கு நினைவு திரும்பியது. கண்ணைத் திறந்தபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மா நனைந்த சேலையோடு என் தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார். "முழிச்சிக்கிச்சி, முழிச்சிக்கிச்சி" என்று சிரித்தார். வெயில் தாழும்வரை எங்களைப் போகவிடவில்லை. கூழ் கொடுத்தார்கள். கிளம்பும்போது நைனா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா, "இன்னாத்துக்குய்யா கும்புடறே, போய்ச் சேருங்க" என்று சொல்லிவிட்டுக் கதிர் அறுக்கப் போய்விட்டார்.

அன்று இரவு அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "போதும். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அடுத்தது திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. அதற்குப் பிறகு அறிவியல், சரித்திரம்.

சனிக்கிழமை காலையில் பாய் போஸ்டாபீசுக்குப் போய், மெட்ராஸில் கார் ஏசி வேலை பார்க்கும் ஒரு கடைக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க வெகுநேரம் ஆனது. நைனா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பாய் போனில் அதையே உரக்கச் சொன்னார். "காத்து வருதுங்க, குளுமதான் வரல... ஆமா, கம்ப்ரஸர் ஓடுது... இல்ல, சத்தம் ஒண்ணும் இல்ல..." ஞாயிறு கடை லீவு. ஆள் வரமாட்டான் என்று முதலில் சொன்னார்கள்போல. பாய் குரலைத் தணித்து, "ஒரு பையன் பரீட்சைங்க" என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னார். என் வியாதியை அவர் அந்நியர் ஒருவருக்கு விளக்குவதை நான் முதல்முறையாகக் கேட்டேன். சுரப்பி கிரப்பி என்றெல்லாம் சொல்லவில்லை. "ஆண்டவன் அந்தப் புள்ளைக்கு வேர்வைய வெக்க மறந்துட்டான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மெக்கானிக் பொன்னேரிக்கு வந்து இறங்கினார். நைனா போய் அழைத்துவந்தார். கொட்டகை வாசலில் வண்டியிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்த எறால்காரப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆள். முப்பது வயது இருக்கும். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்தும் மோவாயிலிருந்தும் வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. கழுத்தில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு, இரண்டையும் பிழியலாம். ஒரு கையில் டூல் பெட்டி, இன்னொரு கையில் ஏசிக்கு நிரப்பும் கேஸ் சிலிண்டர். டிக்கியில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர் ஒன்றும் கிடந்தது.

நிலைப்படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"வேர்க்காத பையன் நீதானா? குட்த்து வெச்சவன்யா நீ. என்னப் பாரு, குளிச்சிட்டுத் தொவட்டிக்கிற கேப்புலயே வேர்த்துடும்." சொல்லிவிட்டு நைனாவின் முகத்தைப் பார்த்தார். உடனே குரல் மாறியது. "தப்பா எடுத்துக்காதபா. வாய் கொஞ்சம் முந்திக்கும் எனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குட்த்து வெச்சவன் என்று அதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை.

வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, ஐஸ் ரூம் வாசலுக்கு நேராக நிறுத்தினார்கள். அவர் பானெட்டைத் திறந்து, கேஸின் அழுத்தம் காட்டும் கேஜ் மீட்டரின் ரப்பர் டியூப்களை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டார். ஒரு முள் கீழே இறங்கி, பூஜ்யத்தையும் தாண்டிப் போனது. "கேஸ் இருக்குது. ஆனா உள்ள போவல" என்று முணுமுணுத்தார். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய கறுப்புப் பெட்டியைப் பிரித்து, அதற்குள்ளிருந்து முடிபோல் மெல்லிய ஒரு செம்புக் குழாயை வெளியே இழுத்தார். அதன் முனையில் சுண்டுவிரல் அளவு ஒரு செம்புக் குமிழ் இருந்தது.

"ஒரு டீ குடுங்க, சூடா" என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒரு அக்கா ஓடிப்போய் வாங்கிவந்தாள். அவர் அந்தக் குமிழை டீ கிளாசுக்குள் முக்கிவிட்டு கேஜ் முள்ளைப் பார்த்தார். முள் அசையவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்துப்போச்சி" என்றார்.

நைனா பதறினார். "எது?"

"எக்ஸ்பான்ஷன் வால்வு. இந்தப் பல்புக்குச் சூடு பட்டா வால்வு தொறக்கணும், குளுந்தா மூடணும். உப்புக் காத்துல இந்த டியூப் அரிச்சிப்போய் எங்கயோ லீக்காயிருக்குது. வால்வு மூடிக்கினு தொறக்கவே மாட்டன்னுது. கேஸ் இந்தப் பக்கம் வந்தாத்தான குளுரும்?" பைக்குள் கைவிட்டு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். "நேத்து உங்க மொதலாளி போன்ல சொன்னப்பவே இதான்னு நெனச்சேன். புதுசு கொண்ணாந்துட்டேன்."

அந்த 'கொண்ணாந்துட்டேன்' என்ற சொல்லைக் கேட்டு நைனா அப்படியே எறால் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார்.

கேஸை வெளியேற்றினார்கள். இரண்டு ஸ்பேனர் போட்டு, ஒன்றால் பிடித்து ஒன்றால் திருகி, பழைய வால்வைக் கழற்றினார். உப்பேறிய நட்டு லேசில் வரவில்லை. வண்டிக்குள் குனிந்து, தலை கீழே இருக்க, அந்தப் பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு அவர் திருகியபோது வியர்வை மழைபோலக் கொட்டியது. வெளியே வந்து முகத்தைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். மறுபடி வெளியே வந்தார். புது வால்வை மாட்டும் நேரம் வந்தபோது, திறந்திருந்த குழாயின் வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு அசையாமல் நின்றுவிட்டார்.

"இன்னா ஆச்சி?" என்றார் பாய்.

"ஒரு சொட்டு வேர்வ உள்ள உழுந்தாப் போச்சிங்க. குளுரும்போது அது வால்வு வாயில ஐஸாப் பூடும். மறுபடி அடைச்சிக்கும். எங்க கடைல ஃபேனுக்கு அடில செய்வேன். இங்க காத்தே ஈரமா இருக்குது. என் கைய நானே நம்ப முடியல."

நைனா தன் கையைப் பார்த்துக்கொண்டார். அதுவும் ஈரம். பாய் விசிறியால் விசிறிப் பார்த்தார். கொட்டகையில் இருந்த எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கண்ணு, கையக் காட்டு."

காட்டினேன். அவர் தன் புறங்கையால் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். மாவு பூசியதுபோல் காய்ந்திருந்தது.

"வா. நீதான் மாட்டப்போறே."

நைனா தடுத்தார். ஈரத்துண்டை எடுத்துவிட்டு வண்டிக்குள் குனிந்து வேலை செய்தால் எனக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எறால்காரப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் ஒரு மீன்பெட்டி நிறைய ஐஸை உடைத்துப் போட்டு, மேலே ரெக்சின் துணி விரித்து, முன்சீட்டில் வைத்தார்கள். அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் டாஷ்போர்டுக்குக் கீழே கையை நீட்டினேன். நைனா கதவோரம் நின்று என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் மறுபக்கக் கதவுக்கு வெளியே, வியர்வை உள்ளே தெறிக்காத தூரத்தில் மண்டியிட்டு, சொல்லிக்கொண்டே வந்தார். வால்வின் மூடியைக் கழற்று. வாயில் ஒரு துளி எண்ணெய் தடவு. குழாயை நேராக வை, கோணலாகப் போகக் கூடாது. நட்டை விரலாலேயே திருகு, ஸ்பேனர் இப்போ வேண்டாம். பித்தளை நட்டு முதல் சுற்றில் தடுமாறி, இரண்டாவது சுற்றில் வழுக்கிக்கொண்டு ஏறியது. இரண்டு பக்கமும் மாட்டினேன். பானெட் பக்கம் ட்ரையர் என்று ஒரு சின்ன உருளையையும் அப்படியே மாற்றினோம். "உள்ள மிச்சம் மீதி ஈரம் இருந்தா அதான் குடிக்கும்" என்றார். திறந்த வாயெல்லாம் மூடிய பிறகுதான் அவர் உள்ளே வந்து ஸ்பேனரால் இறுக்கினார். செம்புக் குமிழைப் பெரிய குழாயோடு சேர்த்துக் க்ளிப் போட்டு, காற்று படாமல் கறுப்பு டேப்பைச் சுற்றினார்.

நான் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தபோது முதுகு மரத்துப்போயிருந்தது. ஆனால் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதுவரை அந்த உடம்பால் எல்லோருக்கும் வேலைதான் வைத்திருந்தேன். அன்றைக்கு முதல்முறையாக அதுவே ஒரு வேலைக்கு வேண்டியிருந்தது. கொட்டகையில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. ஒரு அக்கா மட்டும், "நல்ல ராசியான கை" என்று சொல்லிவிட்டு எறால் உரிக்கப் போனாள்.

இனி உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கவேண்டும். அதற்குத்தான் அந்த ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். ப்ளக்கில் மாட்டியதும் அது ஒரு பூனைபோல உறுமிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மெக்கானிக் பாய்ந்து கேஜின் திருகை மூடினார்.

"எப்ப வரும்?"

பாய் கையை விரித்தார். எங்கள் பக்கம் கரண்ட் போனால் அதற்கு எப்போது மனசு வருகிறதோ அப்போதுதான் வரும். கொட்டகைக்கு ஒரு ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அன்று குப்பத்தில் கங்கையம்மன் திருவிழா. சீரியல் லைட்டுக்கும் மைக் செட்டுக்கும் பாய்தான் அதை அனுப்பி வைத்திருந்தார்.

"குடுத்தத எப்டித் திருப்பிக் கேக்கறது, சாமி காரியம்" என்று பாய் தயங்கினார். நைனா படகுத்துறைக்கு நடந்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத என் நைனா, குப்பத்துப் பஞ்சாயத்தார் முன்னால் போய் நின்று என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதும் இல்லை. வெயில் சாயத் தொடங்கியபோது துறையில் சத்தம் கேட்டது. ஒரு படகின் நடுவில் ஜெனரேட்டர். அதைச் சுற்றி, மஞ்சள் வேட்டியும் காப்புக் கட்டிய கையுமாகக் குப்பத்து ஆட்கள். தலைமைப் பஞ்சாயத்தார் முன்னால் நின்றிருந்தார். படகின் ஓரத்தில் அம்மா.

பாய் துறைக்கே ஓடினார். "அடடா, திருவிழா நின்னுட்டிச்சா?"

"எதுக்கு நிக்குது? ஆத்தா பெட்ரோமாக்ஸ்ல வருவா" என்றார் பஞ்சாயத்தார். "எங்க தாத்தன் காலத்துல கரண்ட்டா இருந்திச்சி? ஏய், தூக்குங்கடா, தண்ணி படாம!"

மூங்கிலில் கட்டி ஆறு பேர் தூக்கிவந்தார்கள். ஜெனரேட்டர் ஓடியது. பூனை மறுபடி உறுமியது. குப்பத்து ஆட்கள் திரும்பிப் போகவில்லை. வண்டியைச் சுற்றி உட்கார்ந்து கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் அந்தக் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, முள் நிற்கிறதா ஏறுகிறதா என்று காத்திருந்தபோது, வலையில் மீன் விழுந்ததா என்று பார்க்கும் அமைதி அங்கே இருந்தது. முள் அசையவில்லை.

"லீக் இல்ல" என்றார்.

கேஸ் ஏற்றினார். மாட்டிய இடங்களில் சோப்பு நுரையைத் தடவிக் கொப்புளம் கிளம்புகிறதா என்று பார்த்தார். இன்ஜின் ஓடியது. உருண்டை வாய்களில் கையை வைத்துப் பார்த்தேன். முதலில் வெறும் காற்று. பிறகு லேசான குளிர். பிறகு விரல் சில்லிட்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அந்த வாயில் வைத்தேன். அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்து ஒரு தடித்த குழாயைக் காட்டினார். அதன்மேல் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. "பாருங்க, பைப்பு வேர்த்துடிச்சி. இது வேர்த்தாத்தான் உள்ள குளுருதுன்னு அர்த்தம். இனிமே கவல இல்ல."

பஞ்சாயத்தார் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அட, இவனுக்குப் பதுலா இது வேர்க்குதுபா!" என்றார். முதலில் சிரித்தது அம்மாதான். என் வியாதியைப் பற்றிய ஒரு பேச்சுக்கு அம்மா சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் சிரித்தாள். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ, நாளைக்குப் போய் எளுதிட்டு வா" என்றாள்.

மெக்கானிக்கைப் பொன்னேரியில் ரயிலேற்ற நைனா கிளம்பியபோது, ஏசியைச் சோதிக்க நானும் கூடப்போனேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு வாய்களையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் அவருடைய சட்டை காய்ந்தது. மோவாயில் சொட்டு நின்றது. "ஊர்ல இருக்கற எல்லா கார் ஏசியும் ரிப்பேர் பண்றேன்யா, ஒண்ணுலயும் உக்காந்து போனதில்ல" என்றார். பிறகு தூங்கிப்போனார். நைனா வண்டியை மெதுவாக ஓட்டினார். வழக்கத்தைவிட மெதுவாக. ஸ்டேஷன் வந்த பிறகும் கொஞ்ச நேரம் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருந்தார்.

எழுந்ததும் அவர் என்னைக் கேட்டார். "நாளைக்கு இன்னா பரீட்சை?"

"கணக்கு."

"அய்யய்யோ" என்று இறங்கிப்போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. பின்னாளில் மெட்ராஸில் அந்தக் கடையைத் தேடிப் போனேன். அங்கே ஒரு ஜவுளிக்கடை இருந்தது.

கணக்கில் நான் நன்றாகத்தான் எழுதினேன். மற்ற பரீட்சைகளுக்கும் அந்த வண்டி ஒருநாளும் சண்டித்தனம் பண்ணாமல் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. கடைசிப் பரீட்சை நாளில் நைனா அந்த பம்ப்செட் வயலருகே நிறுத்தி, எங்கள் குப்பத்துக் கருவாட்டை ஒரு ஓலைப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒடம்பு தேவலயா?" என்று மட்டும் கேட்டார். ரிசல்ட் வந்ததும் நானும் நைனாவும் பாய் வீட்டுக்குப் போனோம். பாய் எனக்கு ஒரு பேனா கொடுத்தார். நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் விடவில்லை. "எளுதுனது பையன். ஓட்டுனது நீ. வண்டி எனக்குச் சொம்மா நின்னுதான கெடந்திச்சி" என்றார்.

பத்தாவதில் பாஸானதுதான் என்னை மேலே படிக்க வைத்தது. மெட்ராஸில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. மெஷின்கள் சூடாகக் கூடாது என்று அந்த அறைகளுக்கு ராவும் பகலும் ஏசி ஓடும். என்னோடு வேலை பார்த்தவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். எனக்கு அது சொந்த வீடுபோல இருந்தது. கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். ஒரு சித்திரை மாத மதியம், பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போன அவளுடைய மூக்குநுனியில் முத்துமுத்தாக வியர்த்திருந்ததை என் மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். நான் அதைத் துடைக்கவிடவில்லை.

எங்கள் பக்கத்தில் நன்றி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் வேற்றாள்போல ஆகிவிடும். அதனால் தொட்டியில் இறங்கிய அந்த அம்மாவிடமும், பாயிடமும், சாமியின் வெளிச்சத்தைத் தூக்கிவந்த ஆட்களிடமும், குடிதண்ணீரை என் தலையில் ஊற்றியவர்களிடமும் நான் அதைச் சொன்னதில்லை. நைனாவிடம்கூடச் சொன்னதில்லை. அவர் இப்போது என்னோடுதான் இருக்கிறார். இதை எழுதுவதற்காக அன்று பஞ்சாயத்தாரிடம் என்னதான் கேட்டீர்கள் என்று நேற்று அவரிடம் கேட்டேன்.

"இன்னாத்தக் கேட்டேன்? போய் நின்னேன். அவனுங்களே தூக்கிக்கினு வந்துட்டானுங்க" என்றார்.